உரியவர் இரண்டு

ஒவ்லு நகரத்தில் பிப்ரவரி.
ஆறு உறைந்து, அதன்மேல் சைக்கிள் தடம்.
வெண்ட்லா ஹாப்சாரி மூன்று நாளாக
ஒரே ஒரு பிட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நினைவகம் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது.
ஒவ்வொரு பக்கத்தின் தலைமாட்டிலும் சில கொடிகள்:
பூட்டியது. அழுக்கானது. அண்மையில் தொட்டது.
வட்டுக்குப் போய்க்கொண்டிருப்பது.
ஏறியிருந்தால் ஒன்று, இறங்கியிருந்தால் சுழி.
நட இடம் கொஞ்சம். பழைய எந்திரத்தில்
முப்பத்திரண்டே பிட்; அதிலும் சிலவற்றை
மண்டல எண்ணும் கணு எண்ணும் தின்றுவிட்டன.

அதனால் ஒரே கொடிக்கு இரண்டு பெயர்.
கோப்பு முறைமையின் கையில் ‘சரிபார்த்தாயிற்று’.
மெய்நிகர் எந்திரத்தின் கையில் ‘அசைக்காதே’.

நான் எழுதும் மொழிக்கு இது புதிதில்லை.
கொடி என்றால் படரும், பறக்கும்,
அதில் ஈரச் சட்டை காயும்,
பிள்ளையைத் தாயோடு பிணைத்திருக்கும்.
யார் வாயில் இருக்கிறது என்று பார்த்தே
பொருள் கொள்கிறோம்.
தப்பாகக் கொண்டால் சிரிப்போம், அவ்வளவுதான்.

கர்னல் சிரிப்பதில்லை.
போன வியாழன், ஓர் ஆஸ்பத்திரி சர்வரில்
ஒரு பக்கம் கைமாறியது.
காலி செய்தவர் கொடியை இறக்காமல் போனார்.
குடிவந்தவர் அதைத் தன் சொல்லாகப் படித்தார்.
எழுத வேண்டியது எழுதப்படவில்லை.
பதினொரு எக்ஸ்ரே படங்கள்
கீழ்ப்பாதி சாம்பலாக வந்தன.
(யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி எடுத்தார்கள்.
விலா முறிந்த பேக்கரிக்காரர் ஒருவர் மட்டும்
இரண்டாம் தடவை பஸ் ஏறி வந்தார்,
ஒவ்வொரு குலுக்கலுக்கும் மூச்சைப் பிடித்தபடி.)

வெண்ட்லா இரண்டு பெயரையும் அடித்துவிட்டு
‘உரியவர் இரண்டு’ என்று எழுதி அனுப்பினாள்.
துர்க்குவிலிருந்து யல்மாரி கேட்டான்:
இது பெயரா, சிறைக் கைதியின் எண்ணா?
பெயர் என்றால் வேலையைச் சொல்ல வேண்டாமா?

வேலையைச் சொன்னதால்தான் இந்த வினை, என்றாள்.
என்ன வேலை என்று யாரிடம் கேட்பது,
அதைச் சொன்னால் போதும் பெயர்.

இரண்டு மணிநேரம் பதில் இல்லை. பிறகு:
ஒப்பவில்லை. ஆனால் வாசலில் ஒரு சோதனை போடு.
பக்கம் திரும்பி வரும்போது
கொடி இறங்காமல் இருந்தால், கத்தட்டும்.

போட்டாள்.

மூன்றாம் மாடி. கதவில் கடிதம் விழும் துளைக்கு மேலே
ஹாப்சாரி, லிண்ட்ரூஸ் என்று இரண்டு பெயர்.
லிண்ட்ரூஸ் அக்டோபரில் வாசாவுக்குப் போய்விட்டான்.
தூண்டில் கடையின் விலைப்பட்டியல் மட்டும்
மாதம் தவறாமல் அவனைத் தேடி வருகிறது.
கட்டடப் பராமரிப்புக்கு எஸ்கெலினன் போன் செய்கிறார்:
புதுத் தகடு பன்னிரண்டு யூரோ, என்ன பெயர் பொறிக்க?
அடுத்த வாரம் சொல்கிறேன், என்கிறாள்
நாலாவது வாரமாக.

நிலவறைச் சுவரில் சௌனா முறைப் பட்டியல்.
வெள்ளி, ஏழு மணி: லிண்ட்ரூஸ்.
அவன் கையெழுத்து, பென்சிலில்.
இந்தக் குளிர்காலம் முழுக்க
அவன் பெயருக்குள் உட்கார்ந்து வியர்த்திருக்கிறாள்.
இன்று அழிப்பான் கொண்டுவந்தாள்.
தேய்த்தாள். தாள் மெலிந்து
பின்னால் இருந்த செங்கல் தெரிந்தது.
அதன்மேல் எதுவும் எழுத வரவில்லை.

கல்லில் தண்ணீர் ஊற்றினாள். ஆவி எழுந்தது.
எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது
கெம்ப்பி வீட்டுச் சிறுமி, துண்டும் கையுமாகக்
கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.
பட்டியலில் ஓட்டை விழுந்திருக்கே, இது யாரோட நேரம்?

எட்டு வரை என்னுடையது, என்றாள் வெண்ட்லா.

எழுந்து, தான் உட்கார்ந்த பலகையை
ஓரம் வரை துடைத்துவிட்டு,
வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.